‘ஸ்திரீயே’ என்பதும் ‘அம்மா’ என்பதும்

காஞ்சிபுரத்துச் சபைகளின் வாலிபர் கூட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் உங்களுக்கு ஞாயிறுப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். உச்சி வெயில், சமாரியாவில் ஒரு கிணற்றடி, தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண், தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் இயேசு. பாட்டியின் கறுப்பு அட்டை வேதாகமத்தில் அவர் அந்தப் பெண்ணை ‘ஸ்திரீயே’ என்று கூப்பிடுகிறார். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘அம்மா’ என்கிறார். 8ஆம் அதிகாரத்தில், கல்லெறியக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் அப்படியே. ‘ஸ்திரீயே’ போய் ‘அம்மா’ வருகிறது.

பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்து ஏட்டுத் தமிழில் அது கௌரவமான சொல். மூலத்தின் கிரேக்கச் சொல்லிலும் அவமரியாதை கிடையாது. பெற்ற தாயையும் இயேசு அதே சொல்லால்தான் அழைக்கிறார். ஆனால் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஒருவரிடம் ‘ஸ்திரீயே, பூ என்ன விலை?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘என்னம்மா விலை?’ என்றுதான் கேட்பார்கள். இயேசுவின் குரல் இந்த ஊர்த் தெருவில் ஒலித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்த யாரோ சிலர், பல ஆண்டு உழைத்து, அந்த ஒரு சொல்லை மாற்றினார்கள். மலைப்பிரசங்கத்தின் ‘சாந்தகுணம்’ அவர்கள் கையில் ‘கனிவு’ ஆயிற்று. பழம் பழுக்கிற சொல் அது. காயாக இருந்தது காலத்தால் இளகுவதைச் சொல்வது.

கனிவாகப் பேசுவதைப் பற்றித்தான் இந்த மடல். உங்களில் சிலர் திருவிழாக் காலத்தில் கைப்பிரதி கொடுக்கப் போகிறீர்கள். சிலர் தறி வீட்டு நண்பர்களோடு மதம் பற்றிப் பேசுகிறீர்கள், சில வேளை வாதாடுகிறீர்கள். பேச வேண்டாம் என்று சொல்ல இது எழுதப்படவில்லை. ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மனும் வரதராஜரும் குடியிருக்கும் ஊரில், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஊரில், ஒரு கிறிஸ்தவர் வாய் திறக்கும்போது அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதே கேள்வி. இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் உங்களுக்கு முன்னால் சிலர் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். சிலர் தேறினார்கள், சிலர் தவறினார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்ததும் உண்டு.

ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். ஏறக்குறைய 24 வயது, உங்களில் பலருடைய வயதுதான். தமிழர்கள் கல்வியும் ஒழுங்கும் இல்லாத மக்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். பிற்பாடு அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். முதிய திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவர் தம் மாணவர்களோடு அவருடைய இடத்துக்கே வந்து பாடம் நடத்தினார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் சீகன்பால்க் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில், 1708இல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டில் தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியலும் எழுதினார். உபதேசிக்க வந்தவர் கொன்றைவேந்தன் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளின் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அடுத்து வருவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1713ஆம் ஆண்டு அவருடைய அச்சகத்திலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகம் வெளிவந்தது. பெயர் ‘அக்கியானம்’. இந்நாட்டு மக்களின் வழிபாடு அருவருக்கத்தக்கது என்று சாடும் நூல். அதே 1713இல், அதே மனிதர், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். தமிழரின் தெய்வங்கள் யார், எவருக்கு என்ன உறவு, எந்தக் கோயிலில் என்ன விழா என்று கேட்டுக் கேட்டு எழுதியது. அதை ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷனை மேற்பார்த்த பிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிமாரை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். கையெழுத்துப் பிரதி பெட்டியில் தூங்கியது. 1867இல்தான், நூற்றைம்பது ஆண்டு தாண்டி, சென்னையில் அச்சேறியது.

ஒரு கை ஏசியது. இன்னொரு கை கேட்டு எழுதியது. இன்று எது மிஞ்சியிருக்கிறது? ‘அக்கியானம்’ அச்சு வரலாற்று ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். தெய்வங்களைப் பற்றிய நூலையோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர் எப்படி வணங்கினார்கள் என்று அறிய விரும்புகிற எந்த மதத்தவரும் இன்றைக்கும் தேடிப் படிக்கிறார்கள்.

இதைவிடவும் அரிய காரியம் ஒன்றை அவர் செய்தார். 1712 முதல் 1714 வரை, சீகன்பால்கும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழ் அறிந்த பலருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். வழிபாடு, மருத்துவம், கல்வி, சாதி, திருமணம் என்று எல்லாவற்றைப் பற்றியும். பதில் கடிதங்கள் வந்தன. அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தமிழர்கள் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்க மறுக்கிறார்கள் என்பதும் கேள்விகளில் ஒன்று. மழுப்பாமல் பதில் எழுதினார்கள். நீங்கள் குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை, பசுவைக் கொன்று தின்கிறீர்கள், உங்கள் மக்கள் வாழும் விதம் உங்கள் போதனைக்குப் பொருந்தவில்லை என்ற பொருளில். தங்களைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டுகளைப் பாதிரிமார் ஒளிக்கவில்லை. மொழிபெயர்த்து, தங்களுக்குப் பணம் அனுப்பும் நாட்டுக்கே அனுப்பினார்கள். கனிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று மிஷன் வரலாற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது. குரலைத் தாழ்த்துவது எளிது. எதிராளி சொன்ன கசப்பான வார்த்தையை அவர் சொன்னபடியே ஊராருக்கு வாசித்துக் காட்டுவது கடினம்.

கிறிஸ்தவருக்குள்ளேயே கடுஞ்சொல் பறந்த காலமும் அதுதான். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து வேதவிளக்கம் எழுதினார். அவர்கள் திருப்பி எழுத, இவர் பேதகமறுத்தல் எழுதினார். தமிழ் உரைநடைக்கு அந்தச் சண்டையால் லாபம் உண்டு. சபைகளின் உறவுக்கு இல்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம்.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர், உலகளந்த பெருமாள் கோயிலில் பூசை செய்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. குறளில் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல், 10ஆவது இனியவை கூறல். விருந்துக்குப் பக்கத்தில் இன்சொல்லுக்கு என்ன வேலை? பரிமேலழகர் அதற்கு ஒரு வரிசை சொல்கிறார். வருகிறவரைத் தூரத்தில் கண்டதும் முகம் மலர வேண்டும். அதைப் பார்த்து அவர் அருகே வந்தால் இனிய சொல் வேண்டும். அதைக் கேட்டு அவர் இசைந்த பிறகுதான் கொடுப்பது. முகம், சொல், கொடை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

கைப்பிரதி கொடுக்கப் போகும் தம்பி தங்கைகள் இந்த வரிசையை மறுபடி ஒருமுறை படிக்கலாம். முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நடந்துகொண்டிருப்பவர் கையில் காகிதத்தைத் திணிப்பது மூன்றாவதை முதலில் செய்வது. ஐரோப்பாவில் இந்த வேலைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிரான்சிஸ் டி சேல்ஸ். 1594இல் ஷப்லே பகுதிக்குப் போனபோது அவருடைய பிரசங்கத்தைக் கேட்க ஆளில்லை. எழுதி, வீட்டுக் கதவுகளின் அடியில் செருகினார். திட்டாமல் எழுதினார் என்பதால்தான் அவர் பெயர் சாந்தத்தின் பெயராக நிற்கிறது. 1923இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரை எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1906இல் தஞ்சாவூருக்கு வந்து, இன்று தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் நடத்தும் சலேசிய சபைக்கு அந்தப் பெயர் அவரால் வந்தது.

பரிமேலழகர் உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜி.யு.போப். 1839இல் சென்னைக்கு வந்தவர், 1886இல் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1900இல், எண்பது வயதில், திருவாசகம். கடற்கரையில் சிலையாக நிற்கும் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகள் அறிந்த போப் வேறு. மிகக் கடுமையான ஆசிரியர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய கண்டிப்பின் கடுமையால் அடுத்தடுத்து சிறு கலகங்கள் மூண்டு, அவர் தம் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது என்று பிஷப் கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். இனியவை கூறலின் பத்துக் குறளையும் ஒவ்வொரு சொல்லாக எடை போட்டவர் அவர். அவரைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. தமிழர்கள் அவருக்குப் பட்ட கடன் பெரிது. வசனம் தெரிவது வேறு, அது வாய்க்கு வந்து சேர்வது வேறு என்பதற்கு அவரைப் போன்ற பெரியவரே சாட்சி. யாக்கோபு தம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, முதல் வசனத்தில் யாரை எச்சரிக்கிறார் என்று எடுத்துப் பாருங்கள். குடிகாரரை அல்ல, சந்தையில் சண்டை போடுகிறவரை அல்ல. போதகர்களை.

நாக்கைப் பற்றிப் பேசினால் காஞ்சியில் தறியைப் பற்றியும் பேச வேண்டும். யோபின் புத்தகத்தில், நாட்கள் ஓடும் வேகத்துக்கு நெசவாளியின் நாடா உவமையாக வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் வழங்கும் அதே சொல். கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று ஓடும். ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். பட்டு தன் புவிசார் குறியீட்டைப் பெற்றது இந்தக் கைப்பக்குவத்தால்.

அந்தப் பக்கத்து ஆள், நெடுங்காலம், ஒரு சிறு பிள்ளையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்கு வந்த பிள்ளை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. வேலை நேரத்தோடு, அடியும் வசவும் அதில் பதிவாகியிருக்கின்றன. இழை அறுந்தால் வசவு, தூங்கி விழுந்தால் வசவு. இன்று நிலைமை மிகவும் மாறிவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் அன்று அந்தப் பலகையில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய பிள்ளைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். உங்களில் சிலருடைய அப்பாவும் சித்தப்பாவும் அவர்களில் இருக்கலாம். வீட்டில் அவர்கள் வாயிலிருந்து வரும் கடுஞ்சொல் எங்கே கற்றது என்று தெரிந்தால் அவர்கள்மேல் கோபம் குறையும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், பேச்சுக்கு உப்பின் சாரம் வேண்டும் என்பதற்கு முன்பாகவே, பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களை எரிச்சலூட்ட வேண்டாம் என்று தகப்பன்மாரைக் கேட்டுக்கொள்கிறார். இரண்டும் ஒரே நிருபம். சபையில் உப்பைப் பற்றிய வசனம் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. தகப்பன்மாருக்கான வசனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது குறைவு.

மலைப்பிரசங்கத்தில் கொலையைப் பற்றிப் பேசிய மூச்சிலேயே இயேசு ‘மூடனே’ என்ற வசவைப் பற்றிப் பேசுகிறார். பலருக்கு இது மிகையாகத் தோன்றும். தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோன்றாது.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்பீர்கள். கேட்க வேண்டும். பரிசேயரை அவர் விரியன் பாம்புக் குட்டிகள் என்று சொல்லவில்லையா? சொன்னார். யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். தம் சொந்த மதத்தின் தலைவர்களிடம், அதிகாரமுள்ளவர்களிடம், முகத்துக்கு முன்னால். சமாரியப் பெண்ணிடம் அல்ல, ரோமானியப் படைத் தலைவரிடம் அல்ல. அநீதியைக் கண்டு பேசாமலிருப்பதற்குக் கனிவு என்று பெயரில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சபைக்குள் சாதி பார்த்துப் பெண் எடுக்கும் பெரியவரிடம் மெல்லிய குரல், பக்கத்து வீட்டில் கோலம் போடும் அக்காவிடம் கடுமை.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. மத்தேயு 15இல் மகளுக்காக மன்றாடி வந்த கானானியப் பெண்ணிடம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்ற பொருளில் இயேசு பேசுகிறார். இதைச் சுற்றிக் கடந்து போக வேண்டாம். அந்தச் சொல் சுடுகிறது. ஆனால் அந்தப் பெண் பதில் சொல்கிறாள், நாய்க்குட்டிக்கும் மேசையிலிருந்து விழும் துணிக்கை உண்டே என்று. இயேசு அங்கே நிறுத்திவிடுகிறார். மறுபேச்சு இல்லை. அவள் விசுவாசம் பெரிது என்று எல்லோர் முன்னும் சொல்கிறார். வேற்று இனத்து, வேற்று வழிபாட்டுப் பெண் ஒருத்தியின் பதிலுக்கு முன்னால் தம் சொல்லை விட்டுக்கொடுத்த ஆண்டவர் அவர். வாதத்தில் ஒருபோதும் தோற்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை என்ன செய்வார்கள்?

பேதுருவின் முதல் நிருபத்தில், நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்கு எப்போதும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் வசனம் உங்களுக்கு மனப்பாடம். வாலிபர் முகாம்களில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வசனத்தில் அது மட்டும் இல்லை. சாந்தமும் வணக்கமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. ‘கேட்கிறவர்களுக்கு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். கேள்வி அவர்கள் பக்கத்திலிருந்து வருகிறது.

தமிழில் வணக்கம் எங்கே குடியிருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவில் இருக்கிறது. குப்பை எடுக்க வருகிற அம்மாவை, அச்சு பிணைக்க வருகிற அண்ணனை, ஒருமையில் பேசிவிட்டு ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்லும் வாயைத்தான், ஒரே ஊற்றில் தித்திப்பும் கசப்பும் சுரக்குமா என்று யாக்கோபு கேட்டார். பேச்சில் நம்மை அறியாமல் ஒட்டியிருக்கும் சொற்களும் உண்டு. ‘அஞ்ஞானி’, ‘புறஜாதி’. திருவிவிலியம் ‘பிற இனத்தார்’ என்று மாற்றிக்கொண்டது. நம் ஜெபங்கள் இன்னும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே அந்த ஜெபத்தைக் கேட்கிறார். அவருடைய பெயர் நமக்குத் தெரியும். பெயரைச் சொல்லியே ஜெபிக்கலாம்.

2019 ஜூலை 1 தொடங்கி 48 நாள், அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியிருந்தபோது ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சின்னக் காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. வெயிலில் வயதானவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது அது. அடுத்தது 2059. உங்களில் பலருக்கு அப்போது அறுபது வயதை ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒரு பாட்டி தண்ணீர் கேட்டு நிற்பார். பரிமேலழகர் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் அன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது.

அதனால் இந்த மடல் ஒரு வேலையோடு முடிகிறது. அடுத்த மாதக் கூடுகைக்கு முன், உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள். கைப்பிரதி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தறி ஓடும் நேரத்தில் போகாதீர்கள், மாலையில் போங்கள். 1712இல் தரங்கம்பாடியில் கேட்டதுபோல நீங்களும் கேளுங்கள்: எங்கள் பேச்சில், எங்கள் நடப்பில், உங்களுக்கு நோகிறது எது? சொல்வதைச் சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், வசனம் காட்ட வேண்டாம். காபி கொடுத்தால் குடியுங்கள். கூடுகையில் அந்தப் பத்துப் பதில்களையும் உரக்க வாசியுங்கள், ஆயரும் உட்கார்ந்து கேட்கட்டும். வாசித்து முடித்ததும் யாராவது ‘அவங்க சொல்றது தப்பு’ என்று எழுந்தால், முதல் பதிலை மறுபடி ஒருமுறை வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவர்